பெயர்த்தகடும் பொருளும்

ஒரு பொருளை இன்னதென்று நாம் எதைக் கொண்டு நிச்சயிக்கிறோம்? அதன்மேல் எழுதப்பட்ட பெயரைக் கொண்டா? அது பிறந்த இடத்தைக் கொண்டா? அல்லது அது செய்யும் தொழிலைக் கொண்டா? இவ்வினா தத்துவ நூல்களில் மட்டும் வாழ்வதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. எண்ணெய்க் கறை படிந்த கைகளையுடைய தொழிலாளி ஒவ்வொரு நாளும் இவ்வினாவைக் கேட்கிறான், விடையும் காண்கிறான். அவன் விடை காணும் முறையைப் படித்தவர்கள் எனப்படுவோர் கூர்ந்து நோக்குவாராயின், மனிதரை மனிதர் மதிக்கும் விஷயத்தில் நம்மிடையே நிலவும் பல குருட்டுத்தனங்கள் ஒழியும் என்பது நமது துணிவு.

மலாக்கா மாநிலத்து அலோர் காஜா வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கடேக், தெபோங், டுரியான் துங்கால், மஸ்ஜித் தானா எனப் பரந்து கிடக்கும் இப்பகுதியில் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாக மாறிவிட்டன. மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதன்முதல் நட்டவர் டான் சே யான் என்பார். அவர் 1896-இல் அதனை நட்டது இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கிலேயாம். அம்மரத்தை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுள் சிலர் இன்று சுத்தியலும் திருகுசாவியும் பிடித்து மோட்டார் பட்டறை நடத்துகின்றனர். அத்தகைய பட்டறை ஒன்றுக்கு 1970-களில் மலேசியச் சாலைகளில் மிகுதியாக ஓடிய டாட்சன் 120-ஒய் வண்டியொன்று வருவதாக வைத்துக்கொள்வோம். பல கைகள் மாறிய வண்டி. ஒவ்வொரு கையும் ஏதோ ஒன்றைக் கழற்றி வேறொன்றைப் பூட்டியிருக்கும். எஞ்சினுக்கு எண் உண்டு. சட்டகத்துக்கும் எண் உண்டு. இரண்டும் அரசாங்கப் பதிவில் ஏறியிருக்கும். ஆனால் எஞ்சின்மேல் அமர்ந்திருக்கும் கார்புரேட்டர் தொழிற்சாலை வைத்ததன்று. யார் வைத்தார், எங்கிருந்து வந்தது, அதன் பெயர் என்ன என்று சொல்வார் இல்லை. தகடு இருந்த இடத்தில் ஒரு திருகாணித் துளை மட்டும் எஞ்சியிருக்கிறது.

கார்புரேட்டரின் தொழில் யாது? எஞ்சினின் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. அக்காற்று ஓர் ஒடுங்கிய தொண்டை வழியே விரைந்து செல்லுகையில் அவ்விடத்தில் அதன் அழுத்தம் குறைகின்றது. இவ்வியல்பை இத்தாலிய அறிஞர் வெந்தூரி 1797-இல் விளக்கினார். பக்கத்துக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் ஒரு நுண்துளை வழியே தொண்டைக்குள் தள்ள, அது தூவானமாகிக் காற்றோடு கலக்கின்றது. கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் ஏறாமலும் இறங்காமலும் ஒரு மிதவை காக்கின்றது. எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் கலந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை. குறைந்தால் எஞ்சின் சூடேறி, நாளடைவில் வால்வுகள் கருகும். இவ்வளவே அதன் தத்துவம். புதிய கார்களில் இப்போது இக்கருவி இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சியடிக்கும் முறை அதன் இடத்தைக் கைப்பற்றிவிட்டது. ஆயினும் பழைய வண்டிகள் உள்ளவரை இதுவும் இருக்கும். இது எதுவெனும் வினாவும் இருக்கும்.

நம் முன்னோர் அறிவுக்குரிய கருவிகளை அளவைகள் என்றனர். மணிமேகலையில் அவை எண்ணிச் சொல்லப்பட்டுள்ளன. அவற்றுள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் முதன்மையானவை. கண்ணாற் காண்பது காட்சி. கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லை ஏற்பது உரை. பெயர் தெரியாத கார்புரேட்டரின் முன் நிற்கும் மெக்கானிக் இம்மூன்றையும் கையாளுகிறான், அவற்றின் பெயர்களை அறியாமலே. அவன் எதை முதலில் நம்புகிறான், எதைக் கடைசியில் நம்புகிறான் என்பதே நாம் கவனிக்கத்தக்கது.

உரையை எடுத்துக்கொள்வோம். தகடு ஓர் உரை. விற்றவன் வாய்ச்சொல்லும் ஓர் உரை. இங்கிலாந்தின் எஸ்.யூ. கார்புரேட்டர்களில் பெரும்பாலும் மிதவைக் கிண்ண மூடியின் திருகாணியடியில் ஒரு சிறு தகடு செருகப்பட்டிருக்கும். அதில் ஓர் எண் பொறித்திருக்கும். ஒருமுறை மூடியைத் திறந்தவன் அதைத் திரும்பச் செருக மறந்தால் போயிற்று. அக்கருவியின் சாதகம் அத்தோடு தொலைந்தது. ஆனால் தகடு தொலைந்ததனால் கருவி தொலைந்ததா? இல்லை. அதே தொண்டை, அதே ஊசி, அதே மிதவை அங்கேயே இருக்கின்றன. மறுபக்கத்தையும் பாருங்கள். இத்தாலியின் பொலோஞாவில் எடோர்டோ வெபர் 1923-இல் நிறுவிய தொழிற்சாலையின் பெயர் உலகெங்கும் பரவியது. பழைய வண்டிகளை மாற்றியமைப்போர் விரும்பித் தேடுவதும் அதனையே. பெயருக்கு மதிப்பு ஏறியதும் போலிகளும் ஏறின. ஆகவே பெயர் உள்ளது போலியாகவும் இருக்கக்கூடும்; பெயர் அற்றது அசலாகவும் இருக்கக்கூடும். பெயரை மட்டும் நம்புகிறவன் இருவழியிலும் ஏமாறுகிறான். தொழில் தெரிந்தவன் தகட்டைப் படிப்பான்; ஆனால் படித்தவுடன் முடிவு கட்டமாட்டான்.

அடுத்தது காட்சி. அவன் கருவியைத் துடைக்கிறான். அழுக்கின் கீழ் எழுத்தேதும் வார்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறான். காற்று மேலிருந்து கீழே இறங்குகிறதா, பக்கவாட்டில் நுழைகிறதா? தொண்டை ஒன்றா, இரண்டா? இரண்டாயின் ஒன்றாகத் திறக்கின்றனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா? அடித்தட்டில் எத்தனை துளைகள், அவற்றின் இடைவெளி எவ்வளவு? மேலே மணிபோன்ற கூண்டு இருந்து அதனுள் ஓர் உலோக உருளை ஏறியிறங்குமாயின் எஸ்.யூ. வகையென்று ஐயுறலாம். அதே தோற்றத்தில் உருளைக்குப் பதிலாக ரப்பர்ச் சவ்வு இருந்தால் அது ஸ்ட்ராம்பர்க். மூடியைத் திறவாமலே அறிய ஒரு வழியுண்டு: ஸ்ட்ராம்பர்க் மூடியில் நான்கு திருகாணிகள்; எஸ்.யூ. கூண்டில் இரண்டோ மூன்றோ. பின்னும், எஸ்.யூ.வின் எச்.எஸ். வரிசையில் வாய் அகலமே பெயரில் ஒளிந்திருக்கிறது: எச்.எஸ்.-2 என்றால் ஓர் அங்குலமும் எட்டில் இரண்டும்; எச்.எஸ்.-4 என்றால் ஓர் அங்குலமும் எட்டில் நான்கும். வாயை அளந்தவனுக்குத் தகடு வேண்டியதில்லை. பொருளே தன் பெயரைச் சொல்லிவிடுகிறது. வெபரிலும் சோலெக்ஸிலும் நுண்துளைக் குமிழ்களின் மேல் எண்கள் உண்டு; 120 என்றால் துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். ஆயினும் முன்னிருந்தவன் துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கியிருந்தால் அந்த எண்ணும் பொய்யே. ஆகவே எண்ணையும் அளவுகோலால் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது கருதல். வண்டியை ஓட்டிப் பார்த்து, பின்பு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தை நோக்குகிறான். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, இளம் பழுப்பாயின் கலவை பொருத்தம். இந்தக் கருவி எங்கே பிறந்தது என்பதை இச்சோதனை சொல்லாது. ஆனால் இந்த எஞ்சினுக்கு இது தகுமா என்பதைத் தவறாது சொல்லும். வண்டிக்காரனுக்கு முதலில் வேண்டியது எது? இந்த இரண்டாவதுதானே?

இங்கே ஓர் ஒழுக்க விஷயம் எழுகின்றது. இவ்வளவு பார்த்தும் பெயர் புலப்படாத கருவிகள் உண்டு. இரண்டு உடைந்த கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்து மூன்றாவதாக ஒன்று ஆக்கியிருப்பார்கள். அப்போது மெக்கானிக் என்ன சொல்வான்? நாணயமற்றவன் வாயில் வந்த ஒரு பெரிய பெயரைச் சொல்லுவான்; சொன்னதோடு நில்லாமல் அப்பெயருக்குரிய விலையையும் கேட்பான். வண்டிக்காரன் அப்பெயரை நம்பி அதற்குரிய உறுப்பை வாங்குவான். அது பொருந்தாது, பொருந்தாததை இறுக்கிப் பூட்டினால் பெட்ரோல் கசியும். சூடான எஞ்சின்மேல் கசியும் பெட்ரோல் என்ன செய்யுமென்று எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாணயமுள்ளவனோ, “அண்ணே, இது எதுவென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் வாய் இவ்வளவு, துளை இவ்வளவு, மிதவை மட்டம் இவ்வளவு, இவ்வளவும் அளந்து எழுதித் தருகிறேன்” என்பான். அறியாததை அறியாததென்றும், அறிந்ததை அளவோடும் சொல்லும் இச்சொல்லே உண்மையான கல்வியின் இலக்கணம். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பதாகக் கூறும் பண்டிதனைவிட இத்தொழிலாளி உயர்ந்தவன் என்று நாம் தயங்காமல் கூறுவோம்.

“வண்டி ஓடினால் போதுமே; பிறப்பைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை இதுதான்: நாளை அதன் மிதவை ஊசி தேயும், அடித்தாள் கிழியும், சவ்வு வெடிக்கும். அப்போது எந்தக் கடையில் எந்த எண்ணைச் சொல்லி வாங்குவது? அதற்காகத்தான் பிறப்பைத் தேடுகிறோம். அதாவது, பொருளைப் பேணுவதற்காகவே தேடுகிறோம். அதற்கு உயர்வு தாழ்வு கற்பிப்பதற்காகவன்று. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். மருத்துவர் ஒருவர் நோயாளியிடம், உன் தந்தைக்கும் இந்நோய் உண்டா என்று கேட்பது காப்பதற்கான கேள்வி. பந்தியில் அமர்ந்தவனிடம், நீ எந்தக் குலம் என்று கேட்பது தள்ளுவதற்கான கேள்வி. சொற்கள் ஒன்றுபோல் தோன்றலாம், நோக்கம் வேறு. பிறப்பைக் கேட்கும் எவனிடமும் நாம் திருப்பிக் கேட்க வேண்டுவது ஒன்றே: கேட்டு என்ன செய்யப் போகிறாய்?

பிறப்பின் பெருமை பேசுவோர் இந்தக் கார்புரேட்டரின் சொந்தப் பிறப்பையே சற்று ஆராயட்டும். தூவானக் கார்புரேட்டரை முதலில் ஆக்கியவர் ஜெர்மானியரான மேபாக் என்பார் சிலர். ஹங்கேரியரான பாங்கியும் சொங்காவும் என்பார் வேறு சிலர். இரு தரப்புக்கும் ஆண்டு ஒன்றே, 1893. அதற்கு முன்பே கார்ல் பென்ஸ் பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றைச் செலுத்தி ஆவியாக்கும் முறையைக் கையாண்டார். ஆக, இக்கருவிக்கு ஐயமற்ற ஒற்றைத் தந்தை இல்லை. எஸ்.யூ. என்பதன் விரிவோ ஸ்கின்னர் யூனியன் என்பது. அதை ஆக்கிய ஸ்கின்னர்கள் காலணி வாணிபக் குடும்பத்தினர். முதன்முதல் அவர்கள் செய்த கார்புரேட்டரில் இன்றைய உலோக உருளை இல்லை; ஏறியிறங்கியது ஒரு தோல் துருத்தி! செருப்பு வாணிபத்தில் வளர்ந்தவர்களின் தோல் துருத்தியே பிற்காலத்தில் சீமான்களின் வண்டிகளில் உலோகமாகி அமர்ந்தது. தோலைத் தொட்டவன் தீட்டு என்று நம் நாட்டில் விதி செய்தவர்கள், அந்த வண்டிகளில் ஏறும்போது தீட்டுப் பார்த்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அதே 1893-ஆம் ஆண்டில் கோயமுத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் ஜி.டி. நாயுடு பிறந்தார். அவருக்குப் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். ஓர் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கு அக்காகக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். அவருக்கு ஆசான் அந்த இயந்திரமே. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டுத் தொடங்கியவர் பின்னர் பெரும் போக்குவரத்துக் கம்பெனியை நடத்தினார். அவருடைய அறிவுக்குத் தகடு ஏது? பட்டம் எனும் தகட்டை மட்டும் படிக்கத் தெரிந்த உலகம் அவரைக் கடந்து சென்றிருக்கும்; அவர் செய்த வேலையைப் பார்த்த உலகம் நின்று பார்த்தது.

இனி மனிதருக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களுக்கு ஒரு தகரத் துண்டு கொடுத்தனர். அதில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அடித்திருக்கும். மனிதன் பெயர் அதில் இல்லை. அவன் போய்ச் சேரவேண்டிய இடமே இருந்தது. மலாயாவுக்கு வந்தவர்கள் கங்காணியின் கணக்கேட்டில் ஏறினர். உதவிப் பயணமாக உடலுழைப்பாளரை மலாயாவுக்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசாங்கம் நிறுத்தும் வரையில் இவ்வழக்கம் நீடித்தது. 1948-இல் மலாயாவில் அவசரநிலையின்போது அடையாள அட்டை வந்தது. பின்னாளில் அட்டையின் நிறமே மனிதனின் நிலையாயிற்று: நீலம் குடிமகனுக்கு, சிவப்பு நிரந்தரவாசிக்கு. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால் வெட்டி, தோட்டத்திலேயே முதுமை எய்திய பலர் பிறப்புச் சீட்டு இன்மையாலோ, எழுதியவன் பெயரைப் பிழையாக எழுதியமையாலோ, விண்ணப்பிக்க வழி சொல்வார் இன்மையாலோ நீல அட்டை பெறாமற் போயினர். 1968-இல் இயற்றப்பட்ட வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதாருக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கிற்று. அதனைத் தொடர்ந்து பல்லாயிரம் தோட்டத் தமிழர் கப்பலேறினர். அவர்களில் பலருக்குத் தமிழ்நாடு சொல்லிக் கேட்ட ஊரேயன்றிக் கண்ட ஊரன்று. அவர்கள் நட்ட மரங்கள் இங்கே நின்றன, நட்டவர்கள் நிற்கவில்லை.

இதனை எடுத்துரைப்பது பழைய புண்ணைக் கிளறுவதற்கன்று. தகடு தொலைந்த கார்புரேட்டரைப் பட்டறையில் எவரும் குப்பையில் எறிவதில்லை. துடைக்கிறார்கள், அளக்கிறார்கள், ஒப்பிடுகிறார்கள், ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓர் உலோகக்கலவைத் துண்டுக்குக் காட்டப்படும் இப்பொறுமை, சீட்டுத் தொலைத்த மனிதனுக்குக் கிடைக்கிறதா? “தாள் எங்கே?” என்ற ஒரே கேள்வியோடு அவன் விஷயம் முடிந்துவிடுகிறதே! நாம் கேட்கிறோம்: பொருளை அறியும்போது உரையைக் கடைசியில் வைக்கும் நாம், மனிதனை அறியும்போது மட்டும் உரையை முதலும் முடிவுமாக வைப்பது எந்த அறிவு?

“அரசாங்கம் என்று ஒன்று இருந்தால் பதிவு வேண்டாமா? ஆளாளுக்குச் சொல்வதை நம்பினால் நாடு நடக்குமா?” என்று ஒரு மறுப்பு எழும். பதிவு வேண்டும்; ஐயமில்லை. கார்புரேட்டருக்குத் தகடு இருப்பதும் நன்மையே. அது இருந்தால் வேலை எளிதாகும். நாம் மறுப்பது தகட்டையன்று. தகடு இல்லையேல் பொருளே இல்லை என்னும் வாதத்தையே. தகடு தொலைந்தபோது சோதிக்கும் பொறுப்பு சோதிப்பவனைச் சேர்ந்தது. “நீயே உன் பெயரைச் சொல்” என்று மெக்கானிக் கருவியை மிரட்டுவதில்லை. அவ்வாறே சீட்டில்லாத முதியவளிடம் சீட்டைக் கேட்பதோடு நில்லாமல், அவள் படித்த தோட்டப் பள்ளியின் பதிவேடு, தோட்டத்துச் சம்பளக் கணக்கு, அண்டை வீட்டார் சாட்சியம் ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பது சோதிப்பவரின் கடமையாகும். அவளுக்காகப் படிவம் நிரப்பிக் கொடுப்பது அவள் ஊரில் எழுத்தறிந்த ஒவ்வொருவரின் கடமையுமாகும்.

கடைசியாக ஒரு வினா எஞ்சுகிறது. மாற்றியமைத்த வண்டி அதே வண்டிதானா? மிலிந்தன் என்னும் அரசனும் நாகசேனர் என்னும் துறவியும் தேரைப் பற்றி உரையாடியதாகப் பௌத்த நூலொன்று கூறும். சக்கரம் தேரன்று, அச்சு தேரன்று, நுகம் தேரன்று. இவை பொருந்திய விடத்துத் தேரென்னும் பெயர் வழங்குகிறது என்பது அதன் கருத்து. நமது டாட்சனுக்கும் இதுவே விடை. அசல் உறுப்புகளின் தூய்மையில் வண்டி இல்லை. உறுப்புகளின் பொருத்தத்தில் இருக்கிறது. இந்த ஊரின் பெயரையே பாருங்கள். காஜா என்ற மலாய்ச் சொல் யானையைக் குறிக்கும். அது வடமொழியிலிருந்து வந்தது. அது கலப்புச் சொல் என்று எந்த மலாய்க்காரரும் வெட்கப்படுவதில்லை. மலாய் கலந்த தோட்டத் தமிழைப் பேசுகிறவர்களைக் கண்டு, இவர்கள் தமிழ் தூயதன்று என்று முகஞ்சுளிப்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். வந்த மண்ணுக்கேற்ப மாற்றிப் பூட்டப்பட்ட வாழ்க்கை அது, ஓடுகிறது, சுமை இழுக்கிறது.

ஆயினும் மாற்றம் எதுவாயினும் நன்றே என்று சொல்ல நாம் வரவில்லை. சிறிய எஞ்சினுக்குப் பெருவாய்க் கார்புரேட்டரைப் பூட்டினால் வேகம் பெருகும் என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். மெதுவாகச் செல்லுங்கால் அப்பெருவாயில் காற்றின் விரைவு குறைகிறது, பெட்ரோல் தூவானமாகாமல் துளியாகிறது, வண்டி திணறுகிறது. பெரிய பெயரும் பெரிய வாயும் பொருத்தத்துக்கு ஈடாகா. சீர்திருத்தம் பேசுவோராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. பிற நாட்டில் நன்றாக ஓடியதென்ற காரணத்தால் ஒரு கொள்கையை அளவு பாராமல் இங்கே பூட்டுவதும், பழையது என்ற காரணத்தால் ஒரு வழக்கத்தைச் சோதியாமல் கழற்றி எறிவதும் ஒரே பிழையின் இரு பக்கங்களாம்.

ஆகவே, பொருளாயினும் மனிதராயினும் அறிய விரும்புவோர் கொள்ள வேண்டிய முறை ஒன்றே. முதலில் அழுக்கைத் துடையுங்கள், அளந்து பாருங்கள், வேலை செய்ய விட்டுப் பாருங்கள், அதன் பின்னரே பெயரைக் கேளுங்கள். பெயர் கிடைத்தால் அதனைப் பேணுவதற்குப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிடின் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததை ஒழுங்காக எழுதி வையுங்கள். அடுத்து வருபவனுக்கு அது உதவும். பெயரற்றதைப் பயனற்றதென்று தள்ளும் உரிமை மட்டும் எவருக்கும் இல்லை.